சிதம்பரனாரும் தம்பி மீனாட்சிசுந்தரமும்

கப்பலோட்டிய தமிழர் வ.உ. சிதம்பரம் பிள்ளையின் வரலாற்றை அறியாதார் நெல்லைச் சீமையில் இலர். சுதேசிக் கப்பல், கோரல் ஆலை வேலைநிறுத்தம், இரட்டை ஆயுள் தண்டனை, கோவைச் சிறையின் செக்கு ஆகியவை பள்ளிப் பிள்ளைகளும் வரிசை பிறழாமல் சொல்லும் செய்திகள். அந்த வரிசையின் நடுவே ஒற்றை வரியாக வந்து மறையும் செய்தி ஒன்றும் உண்டு. தமையனுக்கு விதிக்கப்பட்ட தண்டனையைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார் என்பதே அது. சிதம்பரனாரின் வரலாற்றை எழுதியோர் பலரும் இதனைக் குறித்துள்ளனர். குறித்த கையோடு அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட்டனர். அந்த வரியில் சற்று நின்று நோக்கினால், சிதம்பரனாரின் வாழ்க்கையும் வேறொரு வெளிச்சத்தில் தெரிகிறது; நம் வீடுகளில் பேசப்படாமல் கிடக்கும் ஒரு துயரமும் தெரிகிறது.

ஒட்டப்பிடாரத்து இல்லம்

சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையார் வழக்குரைஞர். மகனும் அத்தொழிலுக்கே படித்துத் தேறி, 1895இல் ஒட்டப்பிடாரத்தில் வழக்காடத் தொடங்கினார். 1900இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். ஏழை எளியவர்க்காக வாதாடுவதில் அவருக்கு இயல்பான விருப்பம் இருந்தது.

அவருடைய முதல் மனைவி வள்ளியம்மை. அந்த இல்லத்தின் இயல்பை அறிய ஒரு நிகழ்ச்சி போதும். இராமையா தேசிகர் என்பவர் பார்வையற்றவர்; ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர்; கற்றவர். அவரைச் சிதம்பரனார் தம் வீட்டிலேயே தங்கச் செய்தார். வள்ளியம்மை தம் கையால் அவருக்கு உணவு பரிமாறினார். சாதிக் கட்டு இறுகியிருந்த அந்நாளில் ஊர் இதனைப் பழித்தது. அப்பழியை அத்தம்பதியர் பொருட்படுத்தவில்லை. ஊர் ஒதுக்கும் ஒருவரை வீட்டுக்குள் வைத்துப் போற்றும் பண்பு அரசியலில் இறங்குவதற்கு முன்பே அவரிடம் வேரூன்றியிருந்தது. வள்ளியம்மை 1901இல் மறைந்தார். அதன்பின் மீனாட்சியம்மாளைச் சிதம்பரனார் மணந்தார்.

1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு பெற்றது. அதன் மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளையர் கும்பினி நடத்திய வாணிபத்துக்கு அவை போட்டியாயின. 1908 பிப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைச் சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்தி வென்றனர். தாமிரபரணிக் கரையிலுள்ள தைப்பூச மண்டபத்தில் அவர்கள் பேசுவதைக் கேட்க மக்கள் திரள் திரளாகக் கூடினர்.

மார்ச் 12ஆம் நாள் இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. நகராட்சி அலுவலகம், அஞ்சலகம், காவல் நிலையம் முதலியவை தாக்கப்பட்டன. மண்ணெண்ணெய்க் கிடங்கு தீக்கிரையாயிற்று. போலீசார் சுட்டதில் நால்வர் மாண்டனர்.

தீர்ப்பு நாள்

1908 ஜூலை 7ஆம் நாள் திருநெல்வேலி அமர்வு நீதிமன்றத்தில் நீதிபதி பின்ஹே தீர்ப்பு வழங்கினார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு ஓர் ஆயுள். சிவாவுக்கு இடமளித்து உதவியதற்கு மற்றோர் ஆயுள். ஒவ்வொன்றும் இருபது ஆண்டு என்ற கணக்கில் நாற்பதாண்டு நாடு கடத்தல். சிவாவுக்குப் பத்தாண்டு. சிதம்பரனாருக்கு அப்போது வயது முப்பத்தைந்து. அந்தமான் போனவர் மீளுவதில்லை என்று மக்கள் எண்ணியிருந்த காலம் அது. நாற்பதாண்டு என்ற சொல், அவரை இனிக் காணப்போவதில்லை என்றே வீட்டாருக்குப் பொருள்பட்டிருக்கும்.

இச்செய்தி மீனாட்சிசுந்தரத்தின் மனத்தைக் குலைத்தது. வீட்டின் மூத்த ஆண்மகன், பொருளீட்டுபவர், ஊர் போற்றும் தலைவர் ஒரே நாளில் இல்லாமற் போனார். அதன்பின் தம்பியின் சித்தம் தெளியவில்லை என்றே வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். சென்னை உயர்நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீட்டால் தமையனின் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது. தம்பிக்கு நேர்ந்த தண்டனைக்கு மேல்முறையீடு செய்ய எந்த மன்றமும் இல்லை.

அன்றைய நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சென்னை மாகாணத்தில் மனநோயாளருக்கென இருந்தவை சென்னைக் கீழ்ப்பாக்கம், கோழிக்கோடு, விசாகப்பட்டினம் ஆகிய ஊர்களின் காப்பகங்களே. அவை மருத்துவமனை என்ற பெயரைக்கூடப் பெறவில்லை. பைத்தியக்கார விடுதி என்றே வழங்கின. கீழ்ப்பாக்கம் காப்பகம் மனநோய் மருத்துவமனை என்ற பெயரைப் பெற்றது 1922இல்தான். கலங்கிய மனத்தைத் தெளிவிக்கும் முதல் நவீன மருந்தான குளோர்புரோமசின் 1952இல் பிரான்சில் நோயாளர்க்குக் கொடுக்கப்பட்டது. அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே சிதம்பரனார் காலமாகிவிட்டார். அந்த இல்லத்தார் நாடியிருக்கக்கூடிய மருந்து அவர்கள் காலத்தில் உலகில் எங்கும் இல்லை.

ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் நன்று. பேரதிர்ச்சி ஒன்று மனநோயை வெளிக்கொணரும் வாயிலாகலாம். அதுவே முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. உடற்கூறு, குடும்பக்கூறு, வாழ்க்கையின் நெருக்கடிகள் எனப் பலவும் சேர்ந்தே மனத்தைக் குலைக்கின்றன என்பது இன்றைய மருத்துவம் கூறும் செய்தி. நூறாண்டுக்கு முந்தைய ஒருவரின் நோய்க்கு இன்று பெயர் சூட்டுவது முறையாகாது. ஓர் ஆண்மகன் தாங்க முடியாத சுமையின்கீழ் நோயுற்றார் என்பது மட்டும் உறுதி.

சிறையில் மனத்தைப் பற்றிய நூல்கள்

பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கோவைக்கும், பின்னர்க் கண்ணனூருக்கும் சிதம்பரனார் கொண்டு செல்லப்பட்டார். கோவையில் அவர் கல் உடைத்தார்; மாடு இழுக்கும் செக்கை இழுத்தார். இவையெல்லாம் பலரும் அறிந்தவை. அதே சிறை நாள்களில் அவர் செய்த மற்றொரு பணி கருதத்தக்கது. ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலை அவர் தமிழாக்கினார். மனம்போல வாழ்வு என்ற பெயரில் அது 1909இல் வெளிவந்தது. ஆலனின் பிற நூல்களைப் பின்னாளில் அகமே புறம், வலிமைக்கு மார்க்கம், சாந்திக்கு மார்க்கம் என்று தமிழுக்குக் கொணர்ந்தார். உடனிருந்த கைதிகளுக்கு அறம் உரைக்கும் எண்ணத்தில் பாடியவை மெய்யறம், மெய்யறிவு என நூல்களாயின.

எண்ணமே மனிதனை ஆக்குகிறது; உள்ளத்தை ஆள்பவன் தன் வாழ்வை ஆள்கிறான் என்பது ஆலனின் கொள்கை. செக்கடியில் நின்ற ஒருவருக்கு இக்கொள்கை ஊன்றுகோலாயிற்று. உடல் அடிமைப்பட்ட இடத்தில் உள்ளம் அடிமைப்படாமல் இருக்க அவர் இதனைப் பற்றிக்கொண்டார் எனலாம்.

இங்கேதான் அந்த ஒற்றை வரி நம்மை இடறுகிறது. சிறைக்குள் இருந்த தமையன் மனத்தின் வலிமையைப் பற்றி எழுதினார். சிறைக்கு வெளியே இருந்த தம்பியோ மனத்தை இழந்து நின்றார். மனம்போலத்தான் வாழ்வு என்றால், மனமே நோயுற்றவனின் வாழ்வு எதன்படி அமையும்? எண்ணத்தால் எல்லாம் ஆகும் என்பதை அளவின்றி நீட்டினால், நோயுற்றவன் நன்றாக எண்ணத் தவறியதால்தான் நோயுற்றான் என்ற கொடிய முடிவில் போய் நிற்கும். இன்றும் மனச்சோர்வில் வீழ்ந்தவரிடம் மனத்தைத் திடப்படுத்திக் கொள், நல்லதையே நினை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். காலொடிந்தவனிடம் யாரும் எழுந்து நட என்று சொல்வதில்லை.

தமையனுக்கு உரம் மிகுதி, தம்பிக்கு உரம் குறைவு என்று இருவரையும் நிறுத்துப் பார்ப்பது பேதைமை. ஒரே வீட்டில் பிறந்த இருவர்மேல் ஒரே இடி விழுந்தது. ஒருவர் தாங்கினார், ஒருவர் நோயுற்றார். தாங்கியவரின் சிறப்பைச் சொல்வதற்காக நோயுற்றவரின் மதிப்பைக் குறைக்க வேண்டியதில்லை.

விடுதலைக்குப் பின்

1912 டிசம்பரில் சிதம்பரனார் விடுதலையானார். கைதானபோது ஊரைக் கொளுத்தும் அளவுக்குப் பொங்கிய கூட்டம், விடுதலையானபோது சிறை வாசலில் இல்லை. அங்கு வந்து நின்ற மிகச் சிலருள் சிவாவும் ஒருவர் என்பர். சிறை சிவாவுக்குத் தொழுநோயைத் தந்திருந்தது. நண்பராலேயே அடையாளம் காண இயலாதவாறு உருமாறியிருந்தார். பின்னாளில் தொழுநோயர் என்று காட்டி அவரை இரயிலில் ஏறவிடவில்லை. மனம் தளராது ஊர் ஊராக நடந்தும் வண்டியிலும் சென்று பேசிய சிவா, 1925 ஜூலை 23ஆம் நாள் பாப்பாரப்பட்டியில் மறைந்தார்.

நண்பருக்கு உடலில் ஒரு நோய். தம்பிக்கு மனத்தில் ஒரு நோய். இரண்டும் அக்காலத்தில் மனிதரை மனிதரிடமிருந்து விலக்கிய நோய்கள். இரண்டுக்கும் ஒரே வழக்கின் தீர்ப்பு முன்னிற்கிறது. தொழுநோய் பற்றிய அச்சம் இன்று பெரிதும் தணிந்திருக்கிறது. அதனை முற்றிலும் குணமாக்கும் கூட்டு மருந்து வந்தது. அதைவிட, தொட்டால் கெடும் என்ற பொய்யை ஊர் ஊராகச் சென்று உடைத்தவர்கள் இருந்தார்கள். தொழுநோயரை அடைத்துவைக்க 1898இல் இயற்றிய சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. பேசப் பேசத்தான் அந்த இழிவு கரைந்தது. மனநோயைப் பொறுத்தமட்டில் அந்தப் பேச்சு இன்னும் வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

சிறை மீண்டவருக்குக் கப்பல் இல்லை, கும்பினி கலைந்துவிட்டது. வழக்குரைஞர் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் சிறு கடை வைத்துப் பார்த்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கெனத் திரட்டி அனுப்பிய தொகை காந்தியடிகளின் வழியாக வந்து சேர்வதற்கு 1915, 1916ஆம் ஆண்டுகளில் கடிதத்தின்மேல் கடிதம் எழுத வேண்டியிருந்தது. 1908ஆம் ஆண்டு வழக்கைத் தொடக்கத்தில் விசாரித்து அமர்வு நீதிமன்றத்துக்கு அனுப்பிய வாலேஸ் என்னும் ஆங்கிலேயரே, பின்னாளில் உரிமத்தைத் திரும்பப் பெற உதவினார். அந்நன்றியை மறவாத சிதம்பரனார் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். பகைவனிடமும் நன்மை கண்டால் போற்றிய உள்ளம் அது.

கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வழக்காடிக்கொண்டே தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் செய்த உரையைப் பதிப்பித்தார். திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரை கண்டார். 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் உயிர் நீத்தார். வறுமை, கடன், பிள்ளைகளின் கல்வி, தமிழ்ப் பணி ஆகிய அனைத்தோடும் தம்பியின் நிலையும் அந்தக் குடும்பத்தின்மேல் சுமையாக இருந்தது. அவர்தம் தியாகத்தைக் கணக்கிடுவோர் சிறையாண்டுகளை எண்ணுகின்றனர். இழந்த பொருளை எண்ணுகின்றனர். அந்தக் கணக்கில் மீனாட்சிசுந்தரத்தின் பெயரும் சேர வேண்டும். சிறை புகாமலே தண்டனையை முழுதாக அனுபவித்தவர் அவர்.

பித்து என்னும் சொல்

கவிஞர்களுக்குப் பித்து இனிய சொல். சுந்தரர் இறைவனைப் பித்தன் என்று அழைத்தே தம் முதற்பதிகத்தைத் தொடங்கினார். குலசேகராழ்வார் தம்மைப் பேயன் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை கொண்டார். பாரதியார் 1918 இறுதியிலிருந்து 1920 வரை கடையத்தில் வாழ்ந்த நாள்களில் அக்கிரகாரத்தார் அவரைப் பைத்தியம் என்று ஒதுக்கினர். இன்று அதே கடையம் அவர் நடந்த வீதிகளைக் காட்டிப் பெருமை கொள்கிறது. ஒருவன் கவிஞனாகிவிட்டால் அவன் பித்து அணியாகிவிடுகிறது.

தாமிரபரணிக் கரையில் இன்னும் பழைய கதைகள் இரண்டு உண்டு. திருக்குருகூரில் பிறந்த நம்மாழ்வார் பிறந்த நாள் தொட்டு அழவும் பேசவும் இல்லை என்றும், பெற்றோர் அக்குழந்தையைக் கோயில் புளியமரத்தடியில் விட்டனர் என்றும் மரபு கூறும். திருவைகுண்டத்துக் குமரகுருபரர் ஐந்து வயது வரை வாய் திறக்கவில்லை; பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்றனர். இயல்புக்கு மாறாக இருந்த குழந்தைகளை மறைத்துவைக்காமல் ஊரறியச் சந்நிதிக்குக் கொண்டு சென்ற பெற்றோரை இவ்விரு கதைகளிலும் காண்கிறோம்.

ஆயினும் இக்கதைகள் நமக்கு எளியவை. பேசாத குழந்தைகள் இறுதியில் பாடினார்கள். ஊர் ஒதுக்கியவர் மகாகவியானார். பொறுத்திருந்ததற்குப் பலன் கிடைத்தது. மீனாட்சிசுந்தரம் பாடவில்லை. அவர் நோய் எந்தக் காவியத்தையும் தரவில்லை. அவர் தெளியாமலே வாழ்ந்தார். பலன் ஒன்றும் தராத நோயாளியை மதிப்பதே மெய்யான மதிப்பு. பித்தைப் பாடும் கவிஞன் அடுத்த வீட்டு அறைக்குள் இருப்பவரையும் நினைத்துக்கொண்டு அச்சொல்லை எடுத்தாளுதல் நன்று.

மறைப்பும் திறப்பும்

மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார் என்பதைத் தூத்துக்குடியும் நெல்லையும் என்றும் மறைத்ததில்லை. மேடைகளில் உருக்கத்தோடு சொல்கின்றனர், கேட்போர் கண்கலங்குகின்றனர். அந்நோய்க்கு நாட்டு விடுதலை என்னும் பெருமைக்குரிய காரணம் இருப்பதால் கூச்சம் தோன்றவில்லை. அதே மேடையின் முன் அமர்ந்திருப்போரின் வீடுகளில், காரணம் எதுவும் புலப்படாமல் நோயுற்ற மகனோ மருமகளோ இருக்கலாம். அவரைப் பற்றி அக்கம்பக்கத்தாரிடம் சொல்வதில்லை. அக்காளுக்கு மணமாகும் வரை தம்பியின் நோய் மறைக்கப்படுகிறது. தம்பிக்கு வேலை கிடைக்கும் வரை அக்காளின் நோய் மறைக்கப்படுகிறது. மருத்துவரிடம் செல்லும் நாள் தள்ளிப் போகிறது. தொடக்கத்திலேயே மருந்து கண்டால் தணிந்திருக்கும் நோய் முற்றுகிறது.

மறைப்பு எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி காட்டியது. மனநோயாளர் காப்பகக் கொட்டகை ஒன்றில் விடியற்காலையில் பற்றிய தீயில் 28 பேர் மாண்டனர். கால்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் ஓட முடியவில்லை. அவர்களை அங்கே கொண்டு சேர்த்த குடும்பங்கள் யாவும் கொடியவை அல்ல. செய்வதறியாது தவித்து, ஊராரின் பேச்சுக்கு அஞ்சி வந்தவர்களும் அவர்களுள் இருந்திருப்பர். சிதம்பரனார் விடுதலையான 1912இல்தான் பித்தர் என்ற பெயராலேயே அமைந்த இந்தியச் சட்டம் பிறந்தது. 1987இலும் 2017இலும் வந்த சட்டங்கள் அப்பெயரையும் அந்நோக்கையும் மாற்றின. மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பது இன்று குற்றம். மருத்துவம் பெறுவது அவர் உரிமை. சட்டம் திறந்த கதவை வீடுகளும் திறக்க வேண்டும்.

1986இல் திருநெல்வேலி மாவட்டத்தைப் பிரித்துப் புதிதாக அமைத்த மாவட்டத்துக்குச் சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. 1997இல் அது தூத்துக்குடி மாவட்டம் என்று மாறியது. சிலைகளும் மணிமண்டபமும் நிற்கின்றன. தம்பிக்குச் சிலை எழுப்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அது தேவையும் இல்லை. ஆண்டுதோறும் செப்டம்பர் 5ஆம் நாள் தமையனின் கதையைச் சொல்லும்போது, தம்பியின் பெயரை ஒரு நோயாளியின் பெயராக, வெட்கமும் மிகையும் இன்றிச் சொன்னால் போதும். கூட்டத்தின் கடைசி வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் தாய் ஒருத்தி, அன்று மாலை வீடு திரும்பியதும் தன் மகனைப் பாளையங்கோட்டை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது பற்றித் தன் தமையனிடம் வாய் திறந்து பேசக்கூடும்.